பதினேழு பத்தி, ஒரு ஏ4 அகலம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். மார்ச் முடிந்ததும் வங்கியில் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட் கடன்) புதுப்பிக்க வேண்டியிருந்தது. எல்லாக் கணக்குகளையும் மாதவாரியாகத் தாளில் கொண்டுவரச் சொன்னார்கள். அந்த அதிகாரி பேனாவைப் பிடித்துக்கொண்டு வரி வரியாகப் பார்ப்பவர், மெயில் அனுப்பினால் ஆகாது.

டேலி என்ற கணக்கு மென்பொருளிலிருந்து எக்செல்லுக்கு எடுத்ததில் 17 பத்திகள் (காலம்): குறியீட்டு எண், கணக்கின் பெயர், ஆரம்ப இருப்பு, ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு மாதம், மொத்தம், சென்ற ஆண்டு. வரிகள் 214. அப்படியே பிரிண்ட் கொடுத்தேன், 15 தாள் வந்தது. முதல் ஐந்து தாளில்தான் கணக்கின் பெயர் இருந்தது, மீதிப் பத்தும் வெறும் எண்கள். செலோடேப் போட்டு ஒட்டிப் பார்த்தேன், மேசை பத்தவில்லை.

அடுத்து, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்கும் வசதியைத் தட்டினேன். எக்செல் 22 சதவீதத்துக்குச் சுருக்கியது. 11 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து இரண்டரைப் புள்ளியானால் என்ன தெரியும்? அப்புறம்தான் அகலத்தை மட்டும் ஒரு பக்கம் என்று வைத்து, உயரத்தைத் தானாக விடலாம் என்பது பிடிபட்டது. தாளைப் படுக்கைவாட்டில் திருப்பியும் 51 சதவீதம்தான், எழுத்து ஐந்தரைப் புள்ளி. ஐம்பது வயது தாண்டியவரிடம் அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஏ3 தாளில் ஓரளவு தெளிவாக வந்தது. ஆனால் மடித்துத்தான் ஃபைலில் வைக்க வேண்டும், கிளையில் இருந்த ஸ்கேனரிலும் அது நுழையாது.

அன்று மாலை உட்கார்ந்து யோசித்தபோதுதான், இடத்தை எது அடைக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். 1,23,45,678.00 என்பதில் பதினான்கு எழுத்து. பைசாவும் கடைசி மூன்று இலக்கமும் கடன் புதுப்பிக்கிறவருக்கு எதற்கு? கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையே நிதிநிலை அறிக்கையை ஆயிரம், லட்சம் போன்ற அளவில் முழுமைப்படுத்திக் காட்டச் சொல்கிறது. ஒரு நகல் எடுத்து, காலிக் கட்டத்தில் 1000 என்று அடித்து காப்பி செய்து, பேஸ்ட் ஸ்பெஷலில் 'டிவைட்' கொடுத்து எல்லாத் தொகையையும் ஒரே அடியில் வகுத்தேன்.

இங்கேதான் பெரிய தப்பு நடந்தது. பைசாவை எடுக்க எண் வடிவத்தை (நம்பர் ஃபார்மட்) மாற்றியதும் 'கிரெடிட்' என்ற அடையாளம் மறைந்துபோனது. டேலியிலிருந்து வந்த ஃபைலில் டெபிட், கிரெடிட் எல்லாம் எண்ணின் வடிவத்தில்தான் ஒட்டியிருந்தது, கட்டத்துக்குள் இருந்தது வெறும் எண். கிரெடிட்டான விற்பனையும் டெபிட்டான செலவும் ஒரே பக்கம் நின்றன. அடிக்கூட்டல் சரிவராததால் கண்டுபிடித்தேன், இல்லாவிட்டால் அப்படியே கொடுத்திருப்பேன். பழைய ஃபைலுக்குத் திரும்பி, கிரெடிட் தொகைகளை முதலில் மைனஸாக்கிவிட்டு, பிறகு வடிவத்தை மாற்றினேன். டேலி ஃபைலைத் தொடும் யாரும் இதை முதலில் பாருங்கள்.

குறியீட்டு எண் பத்தியை மறைத்தேன். பக்க ஓரங்களைக் கால் அங்குலமாக்கினேன், மேல் ஓரத்தை மட்டும் ஒரு அங்குலமாக வைத்தேன். படுக்கைவாட்டுத் தாளில் ஃபைல் துளை மேலேதான் விழும். இப்போது 88 சதவீதம்! எழுத்து ஏறக்குறைய பத்துப் புள்ளி, ஏழே தாள்.

மாதப் பெயர்களும் 'ரூபாய் ஆயிரத்தில்' என்ற வரியும் ஒவ்வொரு தாளிலும் வர வேண்டும். பிரிண்ட் டைட்டில்ஸில் முதல் நான்கு வரியைக் கொடுக்கலாம் என்று பிரிண்ட் திரையிலிருந்து பேஜ் செட்டப் திறந்தால், அந்தப் பெட்டி மங்கலாக இருக்கிறது, எழுத விடவில்லை. அரை மணி நேரம் போனது. பேஜ் லேஅவுட் பட்டையிலிருந்து திறந்தால்தான் அது வேலை செய்கிறது.

இன்னொன்று, 'மறைமுகச் செலவுகள்' என்ற தலைப்பு மூன்றாம் தாளின் கடைசி வரியில் தனியாக நின்றது. அந்தத் தலைப்புக்கு மேலே பக்கத்தை வெட்டினேன் (பேஜ் பிரேக்), எக்செல் கண்டுகொள்ளவில்லை. ஒரு பக்க அகலத்தில் அடக்கச் சொல்லியிருந்தால், நாம் போடும் வெட்டை அது மதிக்காது. அதனால் அடக்குவதை எடுத்துவிட்டு, அளவை நானே 87 சதவீதம் என்று அடித்தேன். வெட்டு நின்றது.

பிரிண்டர் மாறினால் அகலம் கொஞ்சம் மாறும். அதனால் ஆபீசிலேயே பிடிஎஃப் ஆக்கி, ஜெராக்ஸ் கடையில் 'உள்ளபடி அளவு' வைத்து எடுக்கச் சொன்னேன். முழுமைப்படுத்தியதால் கூட்டலில் ஒன்று இரண்டு வித்தியாசம் வரலாம் என்று கடைசித் தாளில் ஒரு குறிப்பும் போட்டேன். கால்குலேட்டரில் தட்டிப் பார்ப்பார் என்று தெரியும்.

தட்டித்தான் பார்த்தார். குறிப்பைப் படித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போனார். ஐந்தாம் தாளில் பேனா நின்றது. "அக்டோபர்ல சாயக்கூலி ஏன் இவ்வளவு ஏறியிருக்கு?" என்று கேட்டார். நவம்பரில் அனுப்ப வேண்டிய ஆர்டரைச் சொன்னேன், அந்த வரிக்கு நேராக எழுதிக்கொண்டார்.