ஒரு துளை குறைந்த கேஸ்கெட்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பழகிய வியாதிதான். ஓடும்போது ஒன்றும் இருக்காது. சிக்னலில் நின்றால் இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு இஞ்சின் அணைந்துவிடும். பின்னால் ஹாரன் மழை. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்து வைத்தால் மட்டும் அணையாமல் ஓடும்.

அந்தச் சோக் விஷயத்தை அன்றைக்கே உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். சோக் போட்டால் சரியாகிறது என்றால், ஒன்று பெட்ரோல் போதவில்லை, இல்லை எங்கிருந்தோ வேண்டாத காற்று உள்ளே போகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோதும் நுனி வெள்ளை வெளேரென்று இருந்தது. கரி பிடித்துக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், லேசான பழுப்பு என்றால் சரி, வெள்ளை என்றால் குறைவு. இரண்டு சாட்சிகளும் ஒரே பக்கம் கைகாட்டின. நான்தான் கவனிக்கவில்லை. நேரே மெக்கானிக்கிடம் போனேன்.

அவர் பானட்டைத் திறந்தார், இஞ்சின் சும்மா ஓடும் வேகத்தை (ஐடில்) ஏற்றி இறக்கும் ஐடில் ஸ்க்ரூவை முறுக்கினார், "சரியாப் போச்சு சார்" என்றார். ஆமாம், சும்மா நிற்கும்போதே ஆக்சிலரேட்டரை மிதித்ததுபோல இஞ்சின் கத்தினால் எப்படி அணையும்? மூன்றாம் நாள் மறுபடியும் அதே கதை. திரும்பப் போனதற்கு, "இந்தக் கார்புரேட்டரையெல்லாம் இப்ப யாரு சார் பார்க்குறா, தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டிடுங்க" என்று பதில் வந்தது. அந்தக் கோபத்தில்தான் நானே ஸ்பேனரை எடுத்தேன்.

கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் பிளக்குக்குத் தீப்பொறி தரும் பக்கத்தில் பாயிண்ட் இடைவெளி, கண்டன்சர், டைமிங் மூன்றையும் பார்த்துவிடுங்கள். கரண்ட் பக்கக் கோளாறுக்குக் கார்புரேட்டர் பழி சுமப்பது அடிக்கடி நடக்கும். என் காரில் அவை சரியாக இருந்தன. இஞ்சினை ஓடவிட்டு, கார்புரேட்டர் அடிப்பாகத்தையும் வேக்குவம் குழாய்களையும் சுற்றிக் கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துப் பார்த்தேன். காற்றுக் கசிவு இருந்தால் அந்த இடத்தில் அடிக்கும்போது இஞ்சின் சத்தம் மாறும். மாறவில்லை. (அது தீப்பிடிக்கும் சமாச்சாரம். சூடான சைலன்சர் குழாய்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.)

சரி, அடைப்புதான் என்று கழற்றினேன். ஐடிலுக்குப் பெட்ரோலை அளந்து விடும் பித்தளைத் துளையான ஸ்லோ ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மறுபக்கம் தெரியவில்லை. கார் மாதக்கணக்கில் ஓடாமல் நின்றதில் பெட்ரோல் வற்றி, பழுப்புப் பிசினாக உறைந்திருந்தது. கம்பியை விட்டுக் குத்த வேண்டும் போலக் கை பரபரக்கும். குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை மயிரிழை பெரிதானாலும் பிறகு கலவை ஒருநாளும் சரியாக வராது. கிளீனரில் ஊறவிட்டு, காற்று அடித்தே எடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு துளைக்குள் அடித்தது இன்னொரு துளை வழியாக நேரே முகத்துக்கு வரும்.

இதுவரை எல்லாம் சரி. அடுத்து செய்ததுதான் மடத்தனம். மேல்மூடிக்கு அடியில், இடுக்கில் கசியாமல் இருக்க வைக்கும் காகிதத் தகடான பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, ரிப்பேர் கிட்டில் வந்த புதியதை வைத்து மூடினேன். வெளி வடிவம் கச்சிதம், ஸ்க்ரூ துளைகள் கச்சிதம். ஸ்டார்ட் செய்தால், முன்பு இரண்டு குலுக்குக் குலுக்கி அணைந்த இஞ்சின் இப்போது குலுக்கக்கூட இல்லை. சோக்கை உள்ளே தள்ளிய அடுத்த நொடி செத்துவிட்டது.

அடுத்த வாரம் ஞாயிறு முழுவதும், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டோடு போனது. ஓட்டையா என்று வெந்நீரில் அமுக்கிப் பார்த்தேன், குமிழி வரவில்லை. மட்டம் அளந்தேன். அதோடு சேர்ந்து பெட்ரோலை மூடித் திறக்கும் நீடில் வால்வை மாற்றினேன். பெட்ரோல் பம்பைக்கூடச் சந்தேகப்பட்டேன். எல்லாம் வெட்டி வேலை.

மூன்றாம் ஞாயிறு வேறு வழியாக யோசித்தேன். ஐடில் ஸ்க்ரூவை ஏற்றி இஞ்சினை எப்படியோ உயிரோடு பிடித்து வைத்துக்கொண்டு, ஐடில் கலவையைத் திருத்தும் மிக்சர் ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருகினேன். ஐடில் வழியில் பெட்ரோல் வந்துகொண்டிருந்தால், அதை மூட மூட இஞ்சின் தடுமாற வேண்டும். கடைசி வரை திருகியும் ஒரு மாற்றமும் இல்லை. அந்த வழியே ஏற்கெனவே அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். ஜெட் சுத்தம், பாதையிலும் காற்று அடித்தாயிற்று. மிச்சம் இருந்தது கேஸ்கெட் மட்டும்.

மூடியைத் திறந்து, கார்புரேட்டர் முகத்தில் லேசாக மை தடவிக் கேஸ்கெட்டை அதன்மேல் அமுக்கி எடுத்தேன். ஒரு வட்டத்துக்கு நேராகத் துளையே இல்லை! மேலும் கீழும் இணைக்கும் ஐடில் பாதையின் நட்டநடுவில் காகிதம். ஏறக்குறைய அதே மாதிரி இருக்கும் வேறொரு மாடலுக்கான கேஸ்கெட் அது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது திறக்கும் த்ராட்டில் நன்றாகத் திறந்தால், வேகத்தில் பெட்ரோல் தரும் மெயின் ஜெட் பார்த்துக்கொள்ளும் என்பதால் வேகத்தில் மட்டும் பிழைத்திருக்கிறது. பழையது கையில் இருந்திருந்தால் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன். கிட் வாங்கினால் பழைய கேஸ்கெட்டைப் புதியது வேலை செய்யும் வரை தூக்கிப் போடாதீர்கள், கிழிந்திருந்தாலும் சரி.

துளை போடும் பஞ்ச் கருவியால் துளை போட்டு, பிசிறு இல்லாமல் சுத்தம் செய்து மூடினேன். மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக உட்காரும் வரை திருகி (இறுக்கினால் ஊசிமுனை கெட்டுவிடும்), ஒன்றரைச் சுற்று பின்னால் எடுத்து, ஸ்டார்ட். சோக் இல்லாமல் நின்றது. நன்றாகச் சூடான பிறகு நுணுக்கமாகத் திருத்திக்கொண்டு, மெக்கானிக் ஏற்றிவிட்டுப் போன வேகத்தையும் இறக்கினேன்.

இடையில் ஒரு கிளைக்கதை. கார்புரேட்டரைக் கவிழ்த்தபோது ஆக்சிலரேட்டர் பம்ப்பின் குட்டி எஃகு உருண்டை எங்கோ ஓடிப்போனது. அது இல்லாமல் மூடினால் மிதித்தவுடன் பிக்கப் இருக்காது, கார் ஒரு கணம் மூச்சுத் திணறும். காந்தத்தை வைத்துத் தரை முழுக்கத் தேடிக் கிடைக்காமல், கிட்டில் வந்த உருண்டையைப் போட்டேன். இஞ்சினை அணைத்துவிட்டு மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே த்ராட்டிலை அசைத்தால், பெட்ரோல் கம்பி மாதிரி பீய்ச்ச வேண்டும். பீய்ச்சியது.

நேற்று ஒரு நீண்ட சிக்னலில் நின்றேன். இஞ்சின் அணையவில்லை. வீட்டுக்கு வந்து பேண்ட்டின் மடிப்பை உதறினால் அந்த உருண்டை டங்கென்று விழுந்தது.