அவள் சாகமாட்டாள்

பிப்ரவரி 3
கழுத்தில் ஊசி போட்டுப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்த இடத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி. அவள் தூங்கிவிட்டாள். நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெண்களின் கழுத்தைப் பற்றி எத்தனை கவிதை எழுதியிருப்பேன்! நிலா வெளிச்சம், கல்லறை, பல் பதிந்த தடம். ஒன்றில்கூட ஸ்பிரிட் வாசனை இல்லை.

பிப்ரவரி 4
ரிப்போர்ட் வரவில்லை.

பிப்ரவரி 5
ஷெரிடன் லெ ஃபானு எழுதிய பெண் ரத்தக்காட்டேரிக் கதை 'கார்மில்லா'வைத் திரும்ப எடுத்தேன். 1871-72இல் தொடராக வந்தது, 'டிராகுலா'வுக்கு 25 வருடம் முந்தியது. ஆரம்பத்திலேயே, கதையைச் சொல்லும் லாரா, அப்போது ஆறு வயதுக்கு மேல் இருக்காது, நெஞ்சில் இரண்டு ஊசி ஒரே சமயத்தில் ஆழமாக இறங்கியதுபோல் உணர்ந்து விழித்து அலறுகிறாள். அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 6
பதிப்பாசிரியரிடமிருந்து மெயில். என் நாவல் பிடித்திருக்கிறதாம். ஆனால் அதில் வரும் மாளிகைக்காரி கடைசியில் செத்தால்தான் கதை முழுமையாகுமாம். கை நடுங்கியது. இந்த வாரத்திலா இதைக் கேட்க வேண்டும்? கார்மில்லாவின் நெஞ்சில் கூரான கட்டையை அறைந்தார்கள், தலையை வெட்டினார்கள், எரித்துச் சாம்பலை ஆற்றில் கொட்டினார்கள். ரத்தம் குடித்தாள், உயிர்கள் போயின, சரி. அவ்வளவும் முடிந்த பிறகும் வரவேற்பறைக் கதவருகே அவள் காலடிச் சத்தம் கேட்பதுபோல் லாராவுக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. லெ ஃபானுவாலேயே அவளை முழுசாகக் கொல்ல முடியவில்லை. நான் ஏன் கொல்ல வேண்டும்?

பிப்ரவரி 8
சண்டை. "உன் கதையில வர்றவளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்க்காதே" என்றாள். பிளாஸ்திரியை அவளே பிய்த்துப் போட்டாள். அடியில் ஒரு புள்ளி, அதைச் சுற்றிக் கன்றிப்போன மஞ்சளும் நீலமும். அப்புறம் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை.

பிப்ரவரி 9
கடைசி அத்தியாயத்தைப் படித்துக் காட்டச் சொன்னாள். இரண்டு பேரும் அந்த இடிந்த மாளிகையிலேயே நரைத்துப்போகிறார்கள். ஒருத்தி மற்றவளுக்குத் தலை வாரிவிடும் இடம் வந்ததும், "இதை மறுபடி படி" என்றாள்.

பிப்ரவரி 10
ஆங்கிலக் கவிஞர் கோலரிட்ஜின் 'கிறிஸ்டபெல்' கவிதை முடிக்கப்படாமலேயே 1816இல் அச்சானது. காட்டில் சந்தித்த மர்மப்பெண் ஜெரால்டின் மயங்கி விழ, அவளைக் கிறிஸ்டபெல் தூக்கித்தான் வாசலைத் தாண்டுகிறாள். முடிவு எழுதாததால் இருவரையும் யாரும் கொல்லவில்லை. இன்றைக்கு அது எனக்குப் பெரிய ஆறுதல்.

பிப்ரவரி 11
பதில் அனுப்பிவிட்டேன். சாகமாட்டாள். வேண்டாமென்றால் பிரதியைத் திருப்பி அனுப்பட்டும்.

பிப்ரவரி 12
ரிப்போர்ட்டுக்கு நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நேரில் வரச் சொல்கிறார்கள். ஏன் போனில் சொல்லவில்லை? நல்லதாக இருந்தால் சொல்லியிருப்பார்களே. எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்கிறாள். பழைய ஸ்கேன் ஃபைலைக் காணோம். இரண்டு பேரும் தேடிக்கொண்டிருக்கிறோம்.