"மனசு நிக்கவே இல்லைங்க": தியான வகுப்பில் அதற்கப்புறம் என்ன கேட்பது?

தியானம் சொல்லித்தரப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் குரலைத்தான் தயார் செய்துகொண்டு வருகிறார்கள். மெல்லிய குரல், இழுத்து இழுத்துப் பேசும் நடை, பின்னணியில் ஒரு புல்லாங்குழல். வந்தவர்களும் சொக்கிப்போய், "ரொம்ப ரிலாக்ஸா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். அடுத்த வாரம் மேலதிகாரியோடு ஒரு உரசல், வீட்டில் ஒரு கவலை என்று சுமந்துகொண்டு வந்து உட்காரும்போது அந்த ரிலாக்ஸ் வராது. "நமக்கெல்லாம் இது சரிப்படாது" என்று மூன்றாவது வாரத்தோடு நின்றுவிடுவார்கள். தளர்வுதான் பலன் என்று முதல் நாளே காட்டிவிட்டதன் விளைவு இது.

மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்தக் கணத்தில் நடப்பதைத் தீர்ப்புச் சொல்லாமல் கவனிக்கும் தியானம், சொல்லித்தரும் வகுப்பில் பழக்க வேண்டியது, கவனம் நழுவியதைக் கண்டுகொள்ளும் அந்த ஒரு கணத்தை. மனம் ஓடியது, ஓடியது தெரிந்தது, திட்டாமல் திரும்பி வந்தோம். பத்து நிமிடத்தில் இது முப்பது தடவை நடந்தால் முப்பது தடவை பயிற்சி நடந்தது என்று கணக்கு. இதை முதல் வகுப்பிலேயே உடைத்துச் சொல்லிவிடுங்கள். சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள், அது வேறு விஷயம். நான்காவது வாரத்தில்தான் உள்ளே இறங்கும்.

இன்றைய பாடத்திட்டங்களில் பலவற்றுக்கு மூலம் எம்.பி.எஸ்.ஆர். (மைண்ட்ஃபுல்னெஸ் வழியாக மன அழுத்தத்தைக் குறைப்பது) என்ற படிப்பு. 1979-இல் ஜான் கபாட்-ஸின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், நாள்பட்ட வலியும் நோயும் உள்ளவர்களுக்காகத் தொடங்கியது. எட்டு வாரம், வாரம் ஒரு முறை சுமார் இரண்டரை மணி நேரம், ஆறாவது ஏழாவது வாரங்களுக்கு நடுவே ஒரு முழு நாள் மௌனப் பயிற்சி, வீட்டில் வாரத்துக்கு ஆறு நாள் 45 நிமிடம். அலுவலகங்களில் இந்த அளவு நேரம் யாரும் தர மாட்டார்கள். வாரம் ஒரு மணி நேரம், ஆறு வாரம் என்று பேரம் முடியும். அப்போது எதை வெட்டுவது? மன அழுத்தத்தின்போது எந்த ஹார்மோன் சுரக்கிறது என்ற ஸ்லைடுகளைத் தாராளமாக வெட்டலாம். யோகப் பகுதியைப் பத்து நிமிட எளிய அசைவுகளாகச் சுருக்கலாம். பயிற்சி முடிந்ததும் நடக்கும் உரையாடலை மட்டும் தொடக்கூடாது. ஆனால் பலர் முதலில் வெட்டுவது அதைத்தான்.

அதற்குப் போகுமுன் வழிநடத்துவதைப் பற்றிக் கொஞ்சம். பத்து நிமிட அமர்வு என்றால் முதல் நிமிடம் பாதமும் இருக்கையும்: பாதம் தரையில் முழுதாகப் படிகிறதா, உடம்பின் எடை நாற்காலியில் எங்கெங்கே இறங்குகிறது. பாதம் எட்டாதவர்களுக்குக் காலுக்கடியில் ஒரு மடித்த போர்வை வையுங்கள், இல்லாவிட்டால் ஐந்தாவது நிமிடத்தில் தொடை மரத்துவிடும். அடுத்த இரண்டு நிமிடம் நங்கூரம், அதாவது மனம் ஓடும்போதெல்லாம் கவனம் திரும்பி வர ஒரு இடம், தேர்வது: வயிற்றில் மூச்சின் அசைவு, மடியில் கிடக்கும் கைகள், அல்லது காதில் விழும் ஒலிகள். பிறகு ஆறு நிமிடம், தொடக்கத்தில் அரை நிமிடத்துக்கு ஒரு வாக்கியம், போகப் போக ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று முழு மௌனம். கடைசி நிமிடத்தில் கவனத்தை உடம்பு முழுதுக்கும் விரித்து, மணி அடித்து முடிப்பது. புதியவர்கள் இடைவெளியே விடாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். மனம் ஓடுவதற்கே இடம் கிடைக்காவிட்டால் அது திரும்புவதை எங்கே பழகுவது? தாளைப் பார்த்துப் படித்தாலும் இதேதான் நடக்கும், மௌனம் சுருங்கிப்போகும். சொல்லிக்கொண்டே நீங்களும் கூடவே செய்தால் இடைவெளி தானாகச் சரியாக விழும்.

மூச்சு எல்லோருக்கும் பொருந்தும் நங்கூரம் என்று நினைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. பிராணாயாமம் பழகியவர்கள் "மூச்சைக் கவனியுங்கள்" என்றதுமே ஆழமாக இழுத்துவிட ஆரம்பித்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் தலை லேசாகும், நெஞ்சு இறுகும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், படபடப்பு எளிதில் வருபவர்களுக்கும் மூச்சைக் கவனிப்பதே பயத்தைக் கிளப்பலாம். "இயல்பாக விடுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் அவர்கள் இயல்பாக விடவும் முயற்சி செய்வார்கள்! பாதத்துக்கோ கைக்கோ போகச் சொல்லுங்கள், அது போதும். கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். பழைய அதிர்ச்சி ஏதாவது உள்ளவர்களுக்குக் கண் மூடுவதே கஷ்டம், நாலடி தள்ளித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் தியானம் தியானம்தான். இந்த மாற்று வழிகளைப் பொதுவாக, எல்லோருக்குமாக முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நடுவில் ஒருவரைப் பார்த்துத் தனியாகச் சொன்னால் அவருக்குச் சங்கடமாகிவிடும்.

இனி அந்த உரையாடல். பயிற்சி முடிந்து மணி அடித்ததும் "என்ன கவனிச்சீங்க?" என்று கேட்கிறீர்கள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் நல்லா இருந்துச்சு, நல்லா இல்லை என்ற தீர்ப்புதான் வரும். ஒருவர் வாய் திறக்கிறார் என்று வையுங்கள்.

"மனசு நிக்கவே இல்லைங்க. ஆபீஸ் வேலையையே நெனச்சிட்டிருந்தேன்."

"நெனச்சிட்டிருக்கோம்னு எப்போ தெரிஞ்சது?"

"பாதிக்கு மேல போயிடுச்சு. திடீர்னு தெரிஞ்சது."

"அந்த நேரம் உடம்புல ஏதாவது தெரிஞ்சதா?"

"தோள் ரெண்டும் தூக்கிக்கிட்டு இருந்துச்சு. பல்லைக் கடிச்சிட்டிருந்தேன்."

"அப்புறம்?"

"என் மேலயே கோவம் வந்துச்சு. இதைக்கூட ஒழுங்கா செய்ய முடியலையேன்னு."

"அந்தக் குரல் வேற எங்கயாவது கேக்குமா?"

"எப்பவும் கேக்கும். ரிப்போர்ட் அனுப்புறப்பல்லாம் கேக்கும்."

அவ்வளவுதான். அறிவுரை ஒன்றும் விழவில்லை. ஆனால் முதலில் நடந்தது என்ன, அதை அவர் எப்படி எதிர்கொண்டார், அது அன்றாட வாழ்க்கையில் எங்கே தலைகாட்டுகிறது என்று மூன்று படிகள் தாண்டியாயிற்று. கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்களுக்கும் தங்கள் பல் கடிப்பது அப்போது தெரிந்திருக்கும். இதே இடத்தில் "பரவாயில்லைங்க, எல்லாருக்கும் அப்படித்தான்" என்று ஆறுதல் சொல்லியிருந்தால் பேச்சு முதல் வரியிலேயே முடிந்திருக்கும். இன்னொரு பொறி பாராட்டு. "ரொம்ப அமைதியா இருந்துச்சு" என்றவரிடம் "அருமை!" என்று சொல்லிப் பாருங்கள், அடுத்து பேசும் நால்வருக்கும் அமைதியாகத்தான் இருந்திருக்கும். ஒருவரிடம் நாலைந்து கேள்விக்கு மேல் போகவும் வேண்டாம். கண் கலங்கினால் "தொடரலாமா, இங்கேயே நிறுத்திக்கலாமா?" என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

வேலையிடத்தில் நடத்துவதற்கென்று சில கறாரான நிபந்தனைகள் வேண்டும். வருவது விருப்பத்தின் பேரில் மட்டும் இருக்கட்டும். மேலாளரும் அவருக்குக் கீழே வேலை செய்பவர்களும் ஒரே குழுவில் வேண்டாம், யாரும் உண்மை பேச மாட்டார்கள். வகுப்பில் பேசியது எதுவும் மனிதவளப் பிரிவுக்குப் போகாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு அவருக்குத் தியானம் சொல்லிக்கொடுக்கச் சொல்லும் நிறுவனத்திடம், ஆளெடுப்பதுதான் மருந்து என்று சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். சொன்னால் அடுத்த ஒப்பந்தம் வராமல் போகலாம், போகட்டும்.

அன்றாடத்துக்குள் கொண்டுபோக மிக உதவுவது மூன்று நிமிட இடைவேளை. மனச்சோர்வு திரும்ப வராமல் தடுப்பதற்காக சிண்டெல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் மூவரும் உருவாக்கிய எம்.பி.சி.டி. (மைண்ட்ஃபுல்னெஸை அடிப்படையாகக் கொண்ட அறிவாற்றல் சிகிச்சை) முறையில் வருவது. முதல் நிமிடம், இப்போது என்ன எண்ணம், என்ன உணர்வு, உடம்பில் என்ன என்று ஒரு பார்வை. இரண்டாவது, கவனத்தை மூச்சில் குவிப்பது. மூன்றாவது, அதை உடம்பு முழுதுக்கும் விரிப்பது. இதை முதலில் ஒரு வாரம் சாதாரண நேரத்தில், ஒரு நாளைக்கு மூன்று முறை பழகச் சொல்லுங்கள். கோபத்தின் நடுவில்தான் முதல் முறை முயற்சி செய்வேன் என்றால் கோபம்தான் ஜெயிக்கும்.

பலனைப் பற்றி அளந்து பேசுவது நல்லது. 2014-இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு 47 சோதனைகளில் சுமார் 3,500 பேரைப் பார்த்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான முன்னேற்றம் தெரிந்தது. உடற்பயிற்சி, மருந்து போன்றவற்றைவிட இது மேல் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. 2022-இல் வெளிவந்த பிரிட்டன் பள்ளி ஆய்வில், மைண்ட்ஃபுல்னெஸ் கற்ற மாணவர்கள் வழக்கமான பாடம் படித்தவர்களைவிட மேம்படவில்லை. பெரும்பாலோர் வீட்டில் பழகவே இல்லை. மருந்தை நிறுத்திவிட்டு வாருங்கள் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். சேரும் முன் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பதினைந்து நிமிடம் பேசுங்கள்: தற்கொலை எண்ணம், சமீபத்திய பெரும் இழப்பு, மனப்பிளவு போன்ற நோய், போதைப் பழக்கம் இருந்தால் முதலில் மருத்துவர், பிறகு வகுப்பு.

வீட்டுப் பயிற்சிக்கு ஐந்து, பத்து, இருபது நிமிடம் என்று மூன்று ஒலிப்பதிவு கொடுங்கள். ஒன்று மட்டும் கொடுத்தால் நேரமில்லாத நாளில் முழுக்க விட்டுவிடுவார்கள். ஐந்தாவது வாரத்திலிருந்து வெறும் மணியோசை மட்டும் உள்ள பதிவும் சேர்த்துக் கொடுங்கள், உங்கள் குரல் இல்லாமல் உட்காரப் பழகட்டும்.