தானமா வந்த பழைய கம்ப்யூட்டருக்கு எந்த லினக்ஸ்? போட்டுப் பார்த்த வரைக்கும்

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி ஆபீஸ்ல கம்ப்யூட்டர் எல்லாம் புதுசா மாத்துனாங்க. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் நின்னுபோச்சு, பழைய மெஷின்ல விண்டோஸ் 11 ஏறாது, டிபிஎம் 2.0-ங்கற பாதுகாப்பு சிப் வேணும்னு கேக்கும். அதனால பழசையெல்லாம் எங்க ஊர்ல ஒரு அக்கா நடத்துற சாயங்கால ட்யூஷன் சென்டருக்குக் குடுத்துட்டாங்க. பெரும்பாலும் ரெண்டாவது மூணாவது ஜெனரேஷன் ஐ3, 4 ஜிபி ரேம். சிலது கோர் 2 டுவோ, 2 ஜிபி. கூடவே இன்டெல் ஆட்டம் (Atom) ப்ராசசர் போட்ட ஒரு குட்டி நெட்புக். எல்லாத்துலயும் சுத்துற ஹார்டு டிஸ்க்தான்.

விண்டோஸுக்குப் பதிலா போடற இலவச சிஸ்டமான லினக்ஸ் பக்கம் போறதுக்கு முன்னாடி டிஸ்க்கை அழிக்கணும். சும்மா ஃபார்மேட் பண்ணா பத்தாது, பில்லு, சம்பள லிஸ்ட் எல்லாம் திரும்ப எடுத்துரலாம், நம்பிக் குடுத்தவங்களுக்கு நாம செய்யவேண்டிய மொத மரியாதை அது. டிஸ்க்கை முழுசா அழிக்கற என்வைப் (nwipe) டூலைப் போட்டு ராத்திரி ஓடவிட்டேன். அப்புறம் தூசி ஊதி, மதர்போர்டுல இருக்கிற சிஆர்2032 பட்டன் செல்லை எல்லாத்துலயும் புதுசா மாத்துனேன். இத யாரும் விட்டுராதீங்க, அந்த செல் தீந்துபோனா தேதி பழைய வருஷத்துக்குப் போயிரும், தேதி தப்பா இருந்தா பிரவுசர் எந்த சைட்டையும் சர்டிஃபிகேட் சரியில்லைன்னு தடுத்துரும், புள்ளைங்க நெட்டே வரலைன்னு நினைச்சுக்கும்.

ஒரே பென் டிரைவ்ல பல சிஸ்டத்தை வெச்சு பூட் பண்ண உதவுற வென்டாய் (Ventoy) போட்டு ஆன்டிஎக்ஸ், லுபுன்டு, எம்எக்ஸ், மின்ட் எக்ஸ்எஃப்சிஇன்னு நாலு வகை லினக்ஸையும் வெச்சு ஒரே மெஷின்ல மாத்தி மாத்தி ஏத்திப் பார்த்தேன். எல்லாரும் சொல்ற கணக்கு, எதையும் திறக்காம சும்மா இருக்கறப்ப எவ்ளோ ரேம் சாப்பிடுதுங்கறது. அதுல ஆன்டிஎக்ஸ்தான் ரொம்பக் கம்மி, மின்ட் அதவிட ரெண்டு மூணு மடங்கு எடுக்கும். ஆனா ஃபயர்ஃபாக்ஸ் திறந்து ஒரு பாட வீடியோ ஓடவிட்டு பக்கத்துல லிப்ரேஆபீஸும் திறந்தா, பிரவுசர் எடுக்கற ரேமோட ஒப்பிட்டா அந்த வித்தியாசம் பெருசாவே தெரியல. எந்த லினக்ஸ் போட்டாலும் பிரவுசர் அதே பிரவுசர்தானே.

அதனால நான் பார்த்தது வேற. அக்காவையே உக்கார வெச்சு, நான் வாயைத் திறக்காம, பென் டிரைவ்ல இருக்கிற வினாத்தாளைத் திறந்து ரெண்டு வரி மாத்தி சேவ் பண்ணச் சொன்னேன். மின்ட்ல கீழ இடது பக்கம் மெனு, டெஸ்க்டாப்லயே பென் டிரைவ் ஐகான் வந்துருச்சு, கேள்வியே இல்லாம முடிச்சிட்டாங்க. ஆன்டிஎக்ஸ்ல பென் டிரைவ் எங்கன்னு தேடவேண்டியதாப் போச்சு. நல்ல சிஸ்டம்தான், ஆனா நான் பக்கத்துல இல்லாத நாள்லயும் அந்த சென்டர் ஓடணும். 2011-ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப்ல மத்திய அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனமான சிடாக் பண்ண பாஸ் (BOSS) லினக்ஸும் சேர்த்தே வந்துச்சு, எனக்குத் தெரிஞ்ச பசங்க நிறைய பேர் அத அழிச்சிட்டாங்க, லினக்ஸ் மோசம்னு இல்ல, பக்கத்துல உக்காந்து காட்டித்தர ஆள் இல்ல. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு.

முடிவா ஐ3, கோர் 2 டுவோ எல்லாத்துக்கும் மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஇ, 2029 வரைக்கும் அப்டேட் வரும். கையில இருந்த காசை, சுத்துற டிஸ்க்குக்குப் பதிலா போடற வேகமான எஸ்எஸ்டிக்குத்தான் போட்டேன், அந்த ஒரு மாத்தத்துல கிடைச்ச வேகம் எந்த லைட்டான லினக்ஸ்லயும் கிடைக்கல. 2 ஜிபி மெஷின்ல இருக்கிறது டிடிஆர்2-ங்கற பழைய வகை ரேம், அது இப்ப தேடிக் கிடைக்கறதே கஷ்டம். அதுல இசட்ரேம் போட்டிருக்கேன், ரேம்லயே ஒரு பங்கை சுருக்கி வெச்சுக்கும், ரெண்டு டேப் வரைக்கும் தாங்குது, அதுக்கு மேல திறக்காதீங்கன்னு சொல்லிருக்கேன்.

நெட்புக்ல இருக்கிறது பழைய 32 பிட் ப்ராசசர். மின்ட் அதுக்குக் கிடையாது, பல லினக்ஸுக்கும் அடிப்படையான டெபியனோட 13-லயும் 32 பிட் இன்ஸ்டாலரை எடுத்துட்டாங்க, ஃபயர்ஃபாக்ஸும் 144-ஓட லினக்ஸ் 32 பிட்டை நிறுத்திருச்சு. டெபியன் 12 மேல கட்டுன ஆன்டிஎக்ஸ் 23 போட்டு, நெட் இல்லாம டைப்பிங் பழகறதுக்கு மட்டும் ஒதுக்கியாச்சு.

எனக்கு அதிக நேரம் எடுத்தது தமிழ் டைப்பிங். கீபோர்டு செட்டிங்ல தமிழ்நெட் 99-னு ஒண்ணு இருக்கும், அத சேர்த்தா எழுத்து வரும், ஆனா தமிழ்99-ங்கற தமிழ் கீபோர்டு முறையோட அழகே புள்ளி தானா விழறதுதான், அது இதுல வராது. ம ரெண்டு தடவை அடிச்சா 'மம'ன்னு நிக்கும், நடுவுல எஃப் அடிச்சுப் புள்ளி வெக்கணும். பல மொழியில டைப் பண்ண உதவுற ஐபஸ் (IBus), எம்17என் (m17n) பேக்கேஜ் ரெண்டையும் போட்டு அதுல தமிழ்99 எடுத்தா 'ம்ம'ன்னு தானா வருது, ங-வும் க-வும் அடிச்சா 'ங்க' ஆயிருது. எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணு அன்னிக்கே அம்மா, தங்கம், பந்துன்னு மடமடன்னு அடிச்சு சேவ் பண்ணுச்சு, எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

புள்ளைங்களுக்கு பாஸ்வேர்டு இல்லாத தனி யூசர், அதுக்கு அட்மின் உரிமை கிடையாது. அப்டேட்டுக்கு முன்னாடி, ஏதாவது கெட்டா சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்புறதுக்கு டைம்ஷிஃப்ட்ல காப்பி எடுத்து வெக்கறத அக்காவுக்குக் காட்டிட்டேன், அவங்களே ஒருதடவை செஞ்சும் பார்த்துட்டாங்க. அடுத்தது பிரிண்டர். ஒரு பழைய லேசர் பிரிண்டர் தர்றதா சொல்லிருக்காங்க, அதுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கான்னு மாடல் நம்பர் வாங்கிப் பார்த்துட்டுதான் சரின்னு சொல்லணும்.