1,448 பைட்டுகள்: புது வீட்டு நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

பால் காய்ச்சியாயிற்று. பெட்டிகள் எதையும் பிரிக்கவில்லை. ஆறு ஆண்டுகளாக டெபியன் என்ற லினக்ஸில் ரவுட்டராக ஓடிக்கொண்டிருக்கும் பழைய மேசைக் கணினியை மட்டும் எடுத்து வைத்தேன். இங்குள்ள இணைப்பு பிபிபிஓஇ வகையைச் சேர்ந்தது; பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தவுடன் எழுந்துகொண்டது. இரவு மடிக்கணினியிலிருந்து அப்பாவின் ஸ்கேன் கோப்புகளைச் சர்வருக்கு அனுப்ப முயன்றபோது, எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) இணைப்பு ஏற்பட்டது, மறையாக்கச் சாவிப் பரிமாற்றத்தின் மறுமொழிக்குக் காத்திருப்பதாக எழுதியது, அதோடு நின்றது. சரியாக இரண்டு நிமிடத்தில் எதிர்முனை துண்டித்தது.

மார்ச் 4

அதே இடம். அதே இரண்டு நிமிடம்.

மார்ச் 5

நிறுவனத்திலிருந்து வந்த பையன் தன் கணினியை நேரடியாகச் செருகிப் பார்த்துவிட்டு, "நம்ம லைன்ல ஒண்ணும் இல்ல சார்" என்றான். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ரவுட்டரிலேயே உட்கார்ந்து எஸ்எஸ்ஹெச் கொடுத்தால் உடனே உள்ளே போகிறது, அதன் பின்னால் இருக்கும் மடிக்கணினியிலிருந்து கொடுத்தால்தான் நிற்கிறது என்பதை அவன் போன பிறகே கவனித்தேன். இதற்குள் கேபிளை மாற்றியிருந்தேன், தளப் பெயர்களை முகவரிகளாக்கும் டிஎன்எஸ்ஸை மாற்றியிருந்தேன், புதிய முகவரி முறையான ஐபிவி6-ஐ அணைத்திருந்தேன். (எது நின்றாலும் முதலில் டிஎன்எஸ்ஸைச் சந்தேகிப்பது ஒரு வியாதி.) வீட்டுக்குள் கைபேசிக்குச் சிக்னல் ஒரு கோடுதான், அந்த வழியும் இல்லை.

அக்கா இரண்டு முறை அழைத்தாள். வெள்ளிக்கிழமை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

நள்ளிரவு தாண்டியும் தூக்கம் வராததால், ரவுட்டரில் இரண்டு திரைகளைத் திறந்து, வீட்டுப் பக்கத்து நெட்வொர்க் அட்டையில், கடந்து போவதையெல்லாம் காட்டும் டிசிபிடம்ப் ஒன்றையும், வெளியே செல்லும் பிபிபி0 இணைப்பில் இன்னொன்றையும் ஓடவிட்டேன். முதல் திரையில் 1,448 பைட்டு தரவு கொண்ட ஒரு பாக்கெட் வருகிறது. கால் நொடியில் அதே வரிசை எண்ணோடு மறுபடியும் வருகிறது. பிறகு அரை நொடி, ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளி இரட்டித்துக்கொண்டே போக, ஒவ்வொரு முறையும் அதே 1,448. இரண்டாவது திரையில் அது ஒரு முறைகூடத் தென்படவில்லை. யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருக்க, உள்ளே இருப்பவர் பதில் சொல்லாமல் இருப்பதைப் பார்ப்பது போல இருந்தது. உள்ளே இருப்பது என் சொந்த ரவுட்டர்.

1,448 தரவு, 12 நேர முத்திரை, டிசிபி தலைப்பு (தரவுக்கு முன்னால் ஒட்டும் விவரம்) 20, ஐபி தலைப்பு 20: மொத்தம் 1,500. பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால் அந்தப் பக்கம் 1,492-க்குத்தான் இடம். பழைய வீட்டில் பிபிபிஓஇ இல்லை.

மார்ச் 7, வெள்ளி, அதிகாலை

துண்டாக்காதே என்ற குறியோடு மடிக்கணினியிலிருந்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) அனுப்பினேன். 1,464-க்கு (தலைப்புகள் 28 சேர்ந்தால் 1,492) பதில் வருகிறது. 1,465-க்கு மௌனம், பிழைச் செய்திகூட இல்லை. பெரிய பாக்கெட்டைக் கைவிடும் ரவுட்டர், அனுப்பியவருக்கு "துண்டாக்க வேண்டும், என்னிடம் இவ்வளவுதான் இடம்" என்று, பிழைகளையும் பிங்கையும் சுமக்கும் ஐசிஎம்பி வழியாகச் சொல்ல வேண்டும்; 1990-இல் ஆர்எஃப்சி 1191 என்ற இணைய ஆவணம் வகுத்த பாதை அளவறிதல் முழுக்க அந்த ஒரு செய்தியை நம்பித்தான் நடக்கிறது. அது ஏன் வரவில்லை என்று ஃபயர்வால் விதிகளைத் திறந்தேன். வெளிச்செல்லும் சங்கிலியில், பிங்குக்கான இரண்டு வகைகளைத் தவிர மற்ற ஐசிஎம்பி அனைத்தையும் எறிந்துவிடச் சொல்லும் வரி. மேலே 2019 என்ற தேதியுடன் "பாதுகாப்புக்காக" என்று என் குறிப்பு. அந்த வரி எத்தனை பாக்கெட்டை எறிந்தது என்று காட்டும் எண்ணிக்கை, மடிக்கணினி முயலும்போதெல்லாம் ஒன்று ஒன்றாக ஏறியது.

அந்தப் பையன் சொன்னது சரிதான்.

மார்ச் 7, காலை 6:40

வரியை நீக்கினேன். எல்லா ரவுட்டர்களும் ஒழுங்காகப் பேசும் என்று நம்ப மனமில்லாததால், கடந்து செல்லும் இணைப்புகளின் எம்எஸ்எஸ் மதிப்பை (ஒரு பாக்கெட்டில் அடங்கும் அதிகபட்சத் தரவு) பாதையின் அளவுக்குக் குறைத்துவிடும் விதியையும் சேர்த்தேன். இணைப்பு தொடங்கும் கைகுலுக்கலில் 1,460 இருந்த இடத்தில் இப்போது 1,452 தெரிகிறது. எஸ்எஸ்ஹெச் கடவுச்சொல் கேட்டது.

காலை 7:15

612 எம்பியில் 580 போய்விட்டது. அக்கா அழைக்கிறாள்.