மிக்ஜாம் வெள்ளத்தில் நனைந்த காரின் வயரிங்கைச் சரிசெய்தது

2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் சென்னை வேளச்சேரியில் எங்கள் தெருவில் நின்ற கார் ஒன்றும் தப்பவில்லை. எங்கள் பெட்ரோல் ஹேட்ச்பேக்கில் தண்ணீர் சீட்டின் அடிப்பாகம் வரை ஏறியிருந்தது, டேஷ்போர்டைத் தொடவில்லை. அந்த அளவு முக்கியம். டேஷ்போர்டு வரை போயிருந்தால் ரிப்பேர் செலவு ஐடிவியில் (பாலிசியில் காருக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டி, டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேருக்கு லாயக்கில்லாத கார் என்று எழுதி முடித்திருப்பார்கள்.

தண்ணீர் வடிந்ததும் உள்ளே கறை எதுவரை நிற்கிறது என்று படம் எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினேன். "ஒரு தடவை செல்ஃப் அடிச்சுப் பார்த்துடேன் தம்பி, ஸ்டார்ட் ஆச்சுன்னா கவலை விட்டுது" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். அதைத்தான் செய்யக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவரை எடுக்காதவர்களுக்கு அந்தச் செலவை இன்சூரன்ஸில் பெரும்பாலும் தர மாட்டார்கள்.

நனைந்த காருக்குக் கரன்ட் கொடுக்கக் கூடாது என்பது எலக்ட்ரானிக்ஸுக்கு இன்னும் பொருந்தும். கரன்ட் இல்லாமல் நனைந்த போர்டைக் கழுவிக் காயவைத்து மீட்க வாய்ப்பு உண்டு. 12 வோல்ட் இருக்கும்போது சாக்கடை கலந்த தண்ணீர் பட்டால் மின்பகுப்பு தொடங்கி, பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரைய ஆரம்பித்துவிடும். சாவியை எடுத்துவிட்டாலும் சில மாட்யூல்களுக்கு (காரின் எலக்ட்ரானிக் கன்ட்ரோல் பெட்டிகள்) பேட்டரியிலிருந்து நேராகக் கரன்ட் போய்க்கொண்டே இருக்கும் என்பதால், டெர்மினலைக் கழற்றினால்தான் அது நிற்கும்.

ரெக்கவரி வண்டியில் ஏற்றி சர்வீஸ் சென்டரில் விட்டோம். அந்த வாரம் அங்கே நின்ற கார் வரிசையைப் பற்றித் தனியாகவே எழுதலாம், விடுங்கள். ஃப்ளோர் வயரிங் முழுக்கப் புதிது, மாட்யூல்கள் புதிது என்று எஸ்டிமேட் நீண்டது. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்து ஏர்பேக் மாட்யூலை மாற்றவும், இன்ஜின் ஆயிலை மாற்றவும், கார்ப்பெட் வேலைக்கும் சம்மதித்தார். வயரிங்கைச் சுத்தம் செய்தால் போதும் என்றார். அங்கே சுத்தம் என்றால் காற்றடித்து ஸ்ப்ரே அடிப்பது மட்டும்தான் என்று தெரிந்ததும், அந்த வேலையை எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கொண்டுபோனேன்.

"போர்டு போறதெல்லாம் கம்மி சார், கப்ளர்தான் கழுத்தறுக்கும்" என்றார் அவர். வயர்கள் ஒன்றோடொன்று சேரும் பிளக்கைத்தான் கப்ளர் என்பார்கள். சீட்டுகளைக் கழற்றிக் கார்ப்பெட்டைத் தூக்கியதும் அது சரி என்று தெரிந்தது. அடியில் இருந்த தடித்த ஃபெல்ட் அப்போதும் ஈரமாகவே இருந்தது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அதை நம்பக் கூடாது. சீட்டுக்கு அடியிலும் கதவோரமும் போகிற வயரிங் அந்த ஈரத்திலேயே கிடந்தது. ஏர்பேக் மாட்யூலும் கியர் லீவருக்குக் கீழே தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும், அதனால் முதலில் நனைவதும் அதுதான். அதன் மஞ்சள் கப்ளர்களைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விட வேண்டும், உள்ளே கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும்.

ஒவ்வொரு கப்ளராகப் பிரித்து, டிஸ்டில்டு வாட்டரால் சேற்றைக் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷ்ஷும் வைத்துத் துடைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்றடித்துக் காயவைத்தார். பச்சைக் களிம்பு ஏறிய பின்களை மாற்றினார். வெளியே பளிச்சென்று இருந்த சில வயர்களையும் வெட்டிப் பார்த்தார். உள்ளே இழை கறுத்திருந்தது. இழைகளுக்கு நடுவே தண்ணீர் தானாக மேலேறும், இன்சுலேஷனுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. நல்ல செம்பு வரும்வரை வெட்டி, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டார். தரையில் இருக்கும் எர்த் போல்ட்டுகளைத் தேய்த்து மெட்டல் தெரிய வைத்ததும் அவர்தான். பொறுமையில்லாதவர்கள் முதலில் விட்டுவிடுவது இதைத்தான்.

வண்டி ஓடியது. சில வாரம் கழித்து ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) விளக்கு எரிந்தது, மீட்டர் முள் அவ்வப்போது செத்து விழுந்தது. ஸ்கேனர் போட்டால் வரிசையாக 'யு' கோடு, அதாவது மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசவில்லை. புது மீட்டர் வாங்கச் சொன்னவர்கள் உண்டு. எலக்ட்ரீஷியன் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் 6, 14ஆம் பின்களுக்கு நடுவே மல்ட்டிமீட்டரை வைத்தார். மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் வயரான கேன் லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும், இரண்டும் சேர்ந்து 60 காட்ட வேண்டும். வயரிங்கை ஆட்ட ஆட்ட 60க்கும் 120க்கும் தாவியது. ஒரு முனை விட்டு விட்டுத் தொடுகிறது என்று அர்த்தம். இடது பக்கம் கால் வைக்கும் இடத்து பேனலுக்குப் பின்னால், முதல் தடவை பிரிக்காமல் போன ஒரு கப்ளரில் களிம்பு. இரண்டு பின் மாற்றியதும் 60இல் நின்றது, விளக்கும் அணைந்தது.

பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய மாட்யூல் சல்லிசாகக் கிடைக்கும் என்று சொல்லாத ஆளில்லை. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈசிஎம் என்றால், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரோடு சாவியை மறுபடி கோடிங் செய்ய வேண்டும். ஏர்பேக் மாட்யூல் என்றால் பழைய விபத்துப் பதிவே உள்ளே இருக்கலாம். உயிர் சம்பந்தப்பட்டது, அதைப் புதிதாகவே போட்டோம். எங்கள் பாலிசியில் ஜீரோ டெப், அதாவது பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத கவர், இல்லை. அதனால் ஏர்பேக், பேட்டரி, பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிப் பணம் நம்முடையது. வெளியே செய்த வயரிங் வேலை கிளெய்மில் சேரவில்லை, முழுக்கக் கைக்காசு. அப்படியும் சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டில் என் பங்காக வந்திருக்கக்கூடியதைவிடக் குறைவாகவே முடிந்தது.