டைரக்டர் நம்பர் எதுக்கு, ஏடி நம்பர் வாங்குங்க

சினிமால நடிக்கணும்னு மெசேஜ் பண்ற தம்பிங்க தங்கச்சிங்கள்ல முக்கால்வாசி பேரு கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், "அண்ணா, அந்த டைரக்டர் நம்பர் கிடைக்குமா?" எங்கிட்ட இல்ல. இருந்து குடுத்தாலும் ஒண்ணும் நடக்காது, ஏன்னா ஒரு டைரக்டருக்கு அந்த மாதிரி மெசேஜ் நாள் முழுக்க வந்துட்டே இருக்கும், அவர் அதை திறந்துகூட பாக்க மாட்டாரு.

நான் சின்னச் சின்ன ரோல் பண்றவன், நடுவுல ஏடி, அதாவது அசிஸ்டன்ட் டைரக்டரா இருக்குற ஃப்ரெண்ட்ஸ் கூப்பிட்டா அவங்க படத்துக்கு ஆள் தேடிக் குடுக்குற வேலையும் பாத்திருக்கேன், அதனால மேஜைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரியும். ஹீரோ ஹீரோயின் வில்லன் எல்லாம் டைரக்டரும் ப்ரொட்யூசரும் பேசி முடிவு பண்றது. அப்பா, மாமா, ஹீரோ ஃப்ரெண்டு இதெல்லாம் ஏற்கனவே தெரிஞ்ச கேரக்டர் ஆர்ட்டிஸ்ட்டுங்களுக்குப் போயிடும். மிச்சம் இருக்கு பாருங்க, ஏட்டு, பேங்க் மேனேஜர், நர்ஸ், ஹவுஸ் ஓனர், ஒரு சீன் ரெண்டு சீன் வந்து நாலு வரி டயலாக் பேசுற ஆளுங்க, அந்த லிஸ்ட் பெரும்பாலும் அசிஸ்டன்ட் டைரக்டருங்க தலைலதான் விழும். பெரிய கம்பெனியா இருந்தா தனியா காஸ்டிங் ஆள் வச்சிருப்பாங்க, ஆனா அவங்களும் ஏடிங்ககிட்ட கேட்டுட்டுதான் தேடுவாங்க. டைரக்டர் கதை டிஸ்கஷன்ல "ஒரு கந்துவட்டிக்காரன் வேணும்யா, பாத்தா சாமியார் மாதிரி சாந்தமா இருக்கணும்"னு சொல்லிட்டுப் போயிடுவாரு. ஏடி என்ன பண்ணுவான், முதல்ல அவன் லேப்டாப் ஃபோல்டர், அப்புறம் ஃபோன் கேலரி, அதுவும் இல்லன்னா வேற படத்து ஏடிக்கு வாட்ஸப்புல "மச்சி, 45 வயசு, மதுரைப் பேச்சு, யாராச்சும் இருக்காங்களா, நாளன்னைக்கு ஷூட்டு"ன்னு ஒரு மெசேஜ். அந்த நிமிஷம் அவனுக்கு உங்க முகம் ஞாபகம் வரணும், நெட்வொர்க்கிங்னு சொல்றதெல்லாம் கடைசில வந்து நிக்குற இடம் இதுதான்.

இன்னொண்ணு, இன்னைக்கு ஏடியா இருக்குறவன் ஏடியாவே இருக்கப்போறதில்ல. கலைஞர் டிவில நாளைய இயக்குநர்னு குறும்படப் போட்டி நிகழ்ச்சி வந்த காலத்தை எடுத்துக்கோங்க. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, அல்ஃபோன்ஸ் புத்திரன், பாலாஜி மோகன் எல்லாம் அதுல குறும்படம் எடுத்துட்டு இருந்த பசங்க. அந்தக் குறும்படங்கள்ல நடிச்சவங்கதான் விஜய் சேதுபதியும் பாபி சிம்ஹாவும். அப்புறம் இதே பசங்க சேர்ந்து பண்ணதுதான் 2012ல பீட்சா, 2013ல சூது கவ்வும், 2014ல ஜிகர்தண்டா, அதுக்கு சிம்ஹாவுக்கு தேசிய விருது. இவங்க யாருக்கும் பெரிய டைரக்டர் வீட்டு வாசல்ல நின்னு கிடைச்சதில்ல இது, தன்னை மாதிரியே ஒண்ணும் இல்லாம இருந்த பசங்களோட சேர்ந்து வேலை பாத்ததுல வந்தது. அதனால உங்க வயசுல குறும்படம், ப்ரொட்யூசர்கிட்ட காட்ட மாதிரிக்கு எடுக்குற பைலட் ஃபிலிம் எல்லாம் எடுக்குற பசங்க யாருன்னு பாருங்க. சாலிகிராமம் பிரசாத் லேப்ல குறும்பட ஸ்க்ரீனிங் போடுவாங்க, போங்க. டிசம்பர்ல சென்னை சர்வதேச திரைப்பட விழா நடக்கும்போது க்யூல நிக்குறதுல பாதி பேரு ஏடியும் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கிற பசங்களும்தான். அங்க போய் முதல் வார்த்தையே "ப்ரோ நான் ஆக்டர், என் ப்ரொஃபைல் அனுப்பவா"ன்னு ஆரம்பிக்காதீங்க ப்ளீஸ், பாத்த படத்தைப் பத்தி பேசுங்க, நீங்க யாருன்னு அவங்களே கேப்பாங்க.

நாடகம் பண்ணா சினிமா வாய்ப்பு வருமான்னு ஒரு கேள்வி அடிக்கடி வரும். ந. முத்துசாமி 1977ல ஆரம்பிச்ச கூத்துப்பட்டறைங்கிற நாடகக் குழுல இருந்து வந்தவங்கதான் பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல் எல்லாம், விஜய் சேதுபதி அங்க கணக்கு எழுதுற வேலைக்கு சேர்ந்த கதையும் எல்லாருக்கும் தெரியும். நடிப்பு கத்துக்குறது ஒரு பக்கம், மேடைல ஒருத்தரைப் பாத்த ஏடிக்கு அவங்க குரல், உடம்பு, எவ்ளோ நேரம் தாக்குப் பிடிப்பாங்கன்னு எல்லாம் தெரிஞ்சுடும், ஆயிரம் ஃபோட்டோ அனுப்பினாலும் அது தெரியாது.

சரி, ஃபோட்டோன்னதும் ஞாபகம் வருது. கூலிங் கிளாஸ் போட்டு, பைக் மேல சாஞ்சு, மூஞ்சில ஃபில்டர் அப்பி எடுத்த ஃபோட்டோவ வச்சுக்கிட்டு ஒரு ஏடி என்னதான் பண்ணுவான் சொல்லுங்க? அவனுக்கு வேண்டியது பகல் வெளிச்சத்துல நேரா ஒண்ணு, ரெண்டு சைடும் ஒவ்வொண்ணு, முழு உருவம் ஒண்ணு, தாடியோட இருந்தா தாடி இல்லாம ஒண்ணு. இன்ட்ரோ வீடியோ ஒரு நிமிஷத்துக்குள்ள, பேரு, வயசு, உயரம், ஊரு, என்னென்ன பாஷை, எந்த வட்டாரப் பேச்சு இயல்பா வரும், கூடவே நீங்களே யோசிச்ச ஒரு சின்ன சீன். பெரிய ஹீரோ டயலாக் பேசிக் காட்டாதீங்க, அவரைத்தான் ஞாபகம் வருமே தவிர உங்களை இல்ல. திருநெல்வேலிக்காரர் ஒருத்தர் மெனக்கெட்டு சென்னைத் தமிழ் பேசி அனுப்புவாரு, ஆனா ஏடி தேடுறதே நெல்லைத் தமிழ் பேசுற ஆளைத்தான், இந்தக் கொடுமைய நான் நிறையவே பாத்துட்டேன். வீடியோவ யூட்யூப்ல அன்லிஸ்டட்ல, அதாவது லிங்க் இருக்குறவங்க மட்டும் பாக்குற மாதிரி போட்டு லிங்க் அனுப்புங்க. ஃபோட்டோ ஃபைலுக்கு உங்க பேரு, வயசு, உயரம், ஊரு நாலையும் பேரா வச்சு அனுப்புங்க, ஏன்னா அவன் டவுன்லோட் பண்ண அப்புறம் ஐஎம்ஜின்னு ஆரம்பிச்சு எட்டு நம்பரோட கெடக்குற ஃபைல்ல நீங்க எங்கன்னு யாருக்குத் தெரியும்?

அனுப்பிட்டு தினமும் காலைல பூ போட்ட குட் மார்னிங் அனுப்புறதை விடுங்க, மியூட் பண்ணிடுவாங்க. புதுசா ஏதாவது இருந்தா மட்டும் மெசேஜ், மொட்டை அடிச்சிருக்கீங்களா ஒரு ஃபோட்டோ, நடிச்ச குறும்படம் வந்திருக்கா ஒரு லிங்க், அவ்ளோதான்.

ரீல்ஸ் பத்தி எனக்கு ரெண்டு மனசுதான். லிப் சிங்க் ரீல்ஸ்ல உங்க குரலே இல்ல, அதுல நடிப்பை எப்படிப் பாக்குறது. ஆனா சொந்தமா ஒரு கேரக்டர் பிடிச்சு தொடர்ந்து பண்றவங்களை ஏடிங்க நிஜமாவே சேவ் பண்ணி வச்சுக்குறாங்க. ஃபாலோயர்ஸ் எத்தனைன்னு கேக்குற கம்பெனியும் இருக்கு, அது ப்ரொமோஷனுக்கு, அதைப் பாத்து வயிறு எரிஞ்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல.

கூட்டத்துல நிக்க ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டா போகலாமான்னா, செட்டு எப்படி இயங்குதுன்னு பாக்க நல்லது, பேட்டா, அதாவது அன்னைக்குக் காசும் வரும். ஆனா அதே டீம் உங்களை கூட்டத்து ஆளாவே மனசுல பதிஞ்சுக்குற ஆபத்து இருக்கு. 2006ல புதுப்பேட்டைல ஓரமா நின்ன விஜய் சேதுபதி 2010ல தென்மேற்குப் பருவக்காற்றுல ஹீரோ ஆகலையான்னு கேப்பீங்க, ஆனாரு, நடுவுல வேற வேற இடத்துல வேற வேற ஆளுங்களோட வேலை பாத்துட்டே இருந்தாரு.

காசு விஷயம் கறாரா சொல்லிடுறேன். ஆடிஷனுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், காசு குடுத்தா யூனியன் கார்டு எடுத்துத் தர்றேன், எங்க ஸ்டூடியோல போர்ட்ஃபோலியோ எடுத்தாதான் சான்ஸ், இப்படி எது வந்தாலும் பொய், நடிக்கிறவங்களுக்குத்தான் காசு வரணும். பொண்ணுங்களுக்கு, ராத்திரி ஹோட்டல் ரூம்ல மீட்டிங்னா போகவே வேண்டாம், கம்பெனி பேரு கேளுங்க, ப்ரொடக்ஷன் மேனேஜருக்கு ஃபோன் போட்டு அப்படி ஒரு படம் நடக்குதான்னு விசாரிங்க, கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. ஆள் வரக்கூடாதுன்னு சொன்னா அதுவே பதில். கேரளால 2024ல வெளிவந்த ஹேமா கமிட்டி அறிக்கைய, மலையாள சினிமால பொண்ணுங்க நிலைமை பத்தினது, முடிஞ்சா படிங்க, சான்ஸ் பேரைச் சொல்லி என்னல்லாம் கேக்குறாங்கன்னு அதுல இருக்கு.

ரோல் கிடைச்சு ஒரு நாள் ஷூட்டுக்குப் போறீங்கன்னா, அந்த ஒரு நாள்தான் உங்க பெரிய விளம்பரம். டயலாக் பேப்பரை முந்தின நாளே கேட்டு வாங்குங்க. டம்ளரை எந்தக் கைல பிடிச்சீங்க, எந்த வார்த்தைல உக்காந்தீங்கன்னு ஞாபகம் வச்சுக்கோங்க, க்ளோஸப்புக்கு அதையே திரும்ப பண்ணணும், கன்டின்யூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் ஒரே மாதிரி இருக்கான்னு பாக்குற ஏடிக்கு அப்படி ஒரு ஆர்ட்டிஸ்ட் கிடைச்சா அடுத்த படத்துக்கும் அவனே கூப்பிடுவான். கெட்டப்போட செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீங்க, திட்டு வாங்குறது நீங்க இல்ல, உங்களைக் கூட்டிட்டு வந்த அந்த ஏடிதான். படம் ஓடிடில வந்தப்புறம் உங்க சீனை மட்டும் எடுத்து ஷோரீல்ல, அதாவது நீங்க நடிச்ச சீனுங்களோட தொகுப்புல சேத்துக்கோங்க. எடிட்ல உங்க சீன் போயிடுச்சுன்னா ஏடிகிட்ட ஒருதடவை கேட்டுப் பாருங்க, நிறைய பேரால தர முடியாது, ஃபுட்டேஜ் ப்ரொட்யூசரோடது, அதுக்காக அவன்கூட சண்டை போடாதீங்க.